ஓட்டுக் கூரைப் பாசி: ஏறித் தேய்ப்பதா, இறக்கிக் கழுவுவதா?

கேள்வி இது. மார்த்தாண்டம் பக்கத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. வடக்குச் சரிவு முழுக்கப் பாசி மெத்தை மெத்தையாக ஏறியிருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் ஏன் என்று தெரியவில்லை. பின்னால் சமையலறைக்கு மேல் சின்னக் கான்கிரீட் தளம், கறுத்துப்போய் வழுக்குகிறது. பக்கத்தில் மாட்டுக்கொட்டிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பு. பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கிறது, கடையில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். எது பாதுகாப்பு?

இரண்டும் வேண்டாம். மங்களூர் ஓட்டைக் கூரையில் வைத்துச் சுத்தம் செய்வதைவிடக் கழற்றித் தரையில் வைத்துக் கழுவுவதுதான் பாதுகாப்பு. ஓட்டுக்கும் அதுவே நல்லது. உங்கள் வீட்டில் மூன்று வகைக் கூரை இருக்கிறது, மூன்றுக்கும் வழி வேறு வேறு.

முதலில், எல்லாப் பாசியையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கறுப்பாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. வெயிலில் காய்ந்து செத்தது போலக் கிடக்கும், முதல் மழையில் மறுபடி உயிர் பிடிக்கும். வெயிலைத் தாங்கத் தன் உறையில் ஒரு கருநிறமியை வைத்திருப்பதால்தான் அந்தக் கறுப்பு. சரிவான ஓட்டில் இது வெறும் கறை. ஓட்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எடுக்கலாம், அவ்வளவுதான். வெள்ளையும் சாம்பலுமாக வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது லைக்கன். அதைச் சுரண்டினால் ஓட்டின் மேல்தோலும் சேர்ந்து வரும், விட்டுவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது மெத்தைப் பாசியைப் பற்றித்தான். அதற்கு உண்மையான வேர் கிடையாது, மெல்லிய நார்களால் ஒட்டி நிற்கிறது. ஆனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேல் ஓட்டின் வாய் கீழ் ஓட்டின் மேல் படிகிற இடத்தில் அது வளர்ந்தால், இறங்க வேண்டிய மழைநீர் அங்கேயே தேங்கி, ஓட்டுக்கு அடியில் பின்னோக்கி ஏறி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையை நனைக்கும். வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட விழாது, கட்டை மட்டும் வருடக்கணக்கில் மெதுவாக உளுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் அந்த மெத்தையில் குருவி போட்ட ஆல விதையோ அரச விதையோ முளைத்துவிட்டால் கதையே வேறு.

வடக்குச் சரிவில் மட்டும் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கூரை ஊறிக் கிடக்கும் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குச் சரிவு அந்த வெயிலில் காய்ந்துவிடும், வடக்குச் சரிவில் வெயில் சாய்வாகத்தான் விழும். மேலே பலா மரக் கொம்பும் நீட்டிக்கொண்டிருந்தால் தை பிறந்தும் ஈரம் போகாது.

பிரஷர் வாஷர் ஏன் வேண்டாம்? ஓடு சூளையில் வேகும்போது அதன் மேற்பரப்பு இறுகியிருக்கும். அழுத்தமான தண்ணீர் அந்தத் தோலைத்தான் முதலில் உரிக்கும். உரிந்த இடம் சொரசொரப்பாகி அதிகத் தண்ணீர் குடிக்கும், பாசி முன்னைவிட வேகமாக வரும். கழுவிய அன்றைக்கு ஓடு புதுசு போலச் சிவந்திருக்கும், அதில் மயங்கித்தான் பலரும் செய்கிறார்கள். மேலும், ஓடு மேலிருந்து கீழே வழியும் மழைக்காகப் பூட்டப்பட்டது. பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பீய்ச்சினால் தண்ணீர் நேராக உள்ளே போகும். முகட்டு ஓட்டுக்கு அடியில் உள்ள பழைய சுண்ணாம்புக் கலவையும் பெயர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: சரிவில் நின்றுகொண்டு பின்னுக்குத் தள்ளுகிற ஒரு கருவியை, நனைந்த பாசி மேல் கால் வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். விழுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆசிட் சுண்ணாம்பையும் சிமென்டையும் கரைக்கும். உங்கள் சமையலறைத் தளத்தில் ஊற்றினால் மேலே பதித்த தட்டோட்டுக்கு இடையிலுள்ள பூச்சு போய்விடும், அடுத்த மழையில் ஒழுகும். முந்தின நாள் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலோ, அது இருந்த வாளியிலோ ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைப் பொசுக்குகிற வாயு அது. இந்த இரண்டும் ஒரே வேலையில், ஏன் ஒரே மூலையில்கூடச் சேரக் கூடாது.

இனி ஓட்டை இறக்குவது. மங்களூர் ஓடு ஆணியடித்தோ கலவை வைத்தோ பொருத்தியதல்ல. அடிப்பக்கத்து மூக்கு ரீப்பரில் மாட்டி, ஒன்றின் விளிம்பு அடுத்ததின் காடிக்குள் பூட்டி, தன் எடையிலேயே கிடக்கிறது. ஓர் ஓடு ஏறக்குறைய 2.5 முதல் 3 கிலோ வரை இருக்கும். கூரைக்குக் கீழே பலகை மச்சு இல்லாத அறை என்றால் உள்ளே சாரம் கட்டி நின்று, மேல் வரிசையைச் சற்று மேலே தள்ளி, கீழ் ஓட்டைத் தூக்கி உள்பக்கமாகவே வாங்கிவிடலாம். மச்சு இருந்தால் பரண் பலகை மேல் நின்று அதே வேலை. பாசி மேல் கால் வைக்கும் அவசியமே வராது. ஒரு பக்கமிருந்து பூட்டிப் போட்ட ஓடு என்பதால் போட்ட திசைக்கு எதிர்த்திசையில்தான் பிரிய வேண்டும். உங்கள் கூரையில் எங்கே தொடங்குவது என்பதை ஓட்டு வேலை தெரிந்த ஆசாரி நின்று பார்த்தால் சொல்லிவிடுவார். முகட்டு ஓடும் அதற்கு அடுத்த வரிசையும் கலவையில் பிடித்திருக்கும், அவற்றை அசைக்காதீர்கள்.

ஒரே நாளில் மொத்தச் சரிவையும் திறக்க வேண்டாம். ஓர் அறை அளவுக்குத் திறந்து, கழுவி, காயவைத்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தார்ப்பாய் கையோடு இருக்கட்டும், வானத்தை நம்ப முடியாது. கையுறை கட்டாயம். ஓட்டுக்கு அடியில் தேள் இருக்கும், குளவிக் கூடு இருக்கும், எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கலாம். மரநாய் நடமாட்டம் உள்ள வீடு என்றால் சில ஓடுகள் ஏற்கெனவே விலகியிருக்கும், பல நாள் ஒழுகலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கக்கூடும்.

இறக்கிய ஓட்டைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி அடுக்குங்கள், எடையில் அடி ஓடு விரியாது. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல ஓடு, மந்தமாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் மெத்தைப் பாசி முழுசாகக் கழன்று வரும். தேங்காய்த் தும்போ பிளாஸ்டிக் பிரஷோ போதும், கம்பி பிரஷ் கூடாது. அது போடும் கீறல்தான் அடுத்த பாசிக்குப் பிடிமானம். மேற்பரப்பு பளிச்சென்று வருகிறதா என்பதைவிட, பக்கத்துக் காடியும் அடிவாயும் சுத்தமாகிறதா என்று பாருங்கள். காடிக்குள் மண்ணும் பாசியும் கெட்டித்துக் கிடக்கும், மூங்கில் சிம்பால் அதைக் குத்தி எடுக்க வேண்டும். ஓடு ஒழுகுவதும் ஒழுகாததும் அந்த விரலகலக் காடியில்தான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள். ஈர ஓட்டை ஏற்றினால் அந்த ஈரத்தை ரீப்பர்தான் குடிக்கும்.

திறந்திருக்கும்போதே ரீப்பர், அதைத் தாங்கும் கைமரம் எல்லாவற்றையும் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கட்டை போய்விட்டது என்று அர்த்தம். கரையான் மண் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறித் தேய்த்திருந்தால் இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

மாற்று ஓடு வாங்குவதற்கு ஒரு வார்த்தை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்துதான் இந்த வகை ஓடு பரவியது. பிறகு கேரளத்தில் ஃபெரோக், கொல்லம் என்று பல ஊர்களில் சூளைகள் வந்தன. ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் காடி அளவு கொஞ்சம் மாறும். பழைய ஓட்டுக் கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். பின்புறம் 1865 என்று அச்சு இருப்பதைக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள், அது கம்பெனி தொடங்கிய வருடம். ஓடு சுட்ட வருடம் அல்ல.

எல்லாச் சரிவையும் இப்படிப் பிரிக்க முடியாது என்பதும் தெரியும். ஆள் கிடைக்காது, மச்சுக்குள் நுழைய இடம் இருக்காது. அப்போதும் ஏறுவதற்கு முன்னால், கீழே நின்றே மருந்தடிக்க முடியுமா என்று பாருங்கள். இறால் பண்ணைக்காரர்களும் நீச்சல் குளக்காரர்களும் பயன்படுத்தும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி 50 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு 20 மில்லி கலந்தால் 1 சதவீதம் வரும், பாசிக்கு அது போதும். சோப்புத் தண்ணீரோடு சேர்க்காதீர்கள், வேலை செய்யாது. மழை வராத நாளாகப் பார்த்து, வெயில் ஏறுமுன், காற்று இல்லாத நேரத்தில் நீள் குழாய் வைத்துத் தெளித்துவிட்டுக் கழுவாமல் விட்டுவிட வேண்டும். பாசி உடனே போகாது. சில வாரத்தில் பழுத்து, காய்ந்து, காற்றிலும் மழையிலும் தானே உதிரும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் கூரை ஏறுகிறார்கள். ஆனால் மீனுக்கு இது விஷம். வீட்டை ஒட்டிக் குளமோ வாய்க்காலோ இருந்தால் வேண்டாம்.

உரமும் பூச்சிமருந்தும் அடிக்கிற முதுகுத் தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். குறிப்பாக, யூரியா கரைத்த தெளிப்பானில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மோசமான வாயுவாகும். தனியாக ஒரு பிளாஸ்டிக் கைத்தெளிப்பான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்தாக இருந்தாலும் கூரைத் தண்ணீர் போகும் இடத்தை முதலில் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் கூரைக் குழாய் நேராகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. மருந்தடிக்கும் முன் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நல்ல மழை வெளியே ஓடிய பிறகு மறுபடி சேருங்கள். கீழே இருக்கும் செடிகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டால் தப்பிக்கும்.

அப்படியும் ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்களோ கூலிக்கு வருபவரோ, இரண்டு பேருக்கும் ஒரே விதிதான். "அவருக்குப் பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். பழக்கப்பட்டவர்கள்தான் கயிறு இல்லாமல் ஏறுகிறார்கள். தை, மாசியில் பனி காய்ந்த பிறகு ஏறுங்கள். பாசி கால் வைக்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். பங்குனி தாண்டினால் இந்தப் பக்கம் கோடை மழை தொடங்கிவிடும். ஏணியை ஓரத்து ஓட்டில் சாய்க்காமல், இரண்டு ஓட்டை நீக்கிவிட்டுக் கைமரத்தில் சாய்த்துக் கட்டுங்கள். 12 அடி உயரத்துக்கு அடிப்பாகம் 3 அடி தள்ளி இருக்கட்டும், மேல்முனை கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்கட்டும். சரிவின் மேல் இன்னொரு மூங்கில் ஏணியைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, முகட்டைத் தாண்டி மறுபக்கம் கட்டி, அதன் மேல்தான் நகர வேண்டும். ஓட்டில் கால் வைக்க நேர்ந்தால் அதன் அடிவாய்ப் பக்கம் வையுங்கள், அங்கேதான் அடியில் இன்னொரு ஓடும் ரீப்பரும் தாங்கும். நடு ஓட்டில் வைத்தால் உடையும். இடுப்பு பெல்ட் போதாது, தோளையும் தொடையையும் பிடிக்கும் முழு பெல்ட் வேண்டும். கயிறு முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் ஒரு நல்ல தென்னை மரத்தின் அடியில் கட்டப்பட்டு, விளிம்பை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். ரீப்பரில் கட்டிய கயிறு கட்டாத கயிறுதான்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று, ஏனென்றால் நிறையப் பேர் இதில் தவறாக நம்புகிறார்கள். வீட்டு மெயினை நிறுத்தினால் உள்ளே மட்டும்தான் மின்சாரம் நிற்கும். கம்பத்திலிருந்து கூரை ஓரம் வழியாக மீட்டருக்கு வருகிற சர்வீஸ் ஒயரில் அப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பழைய வீட்டில் அதன் உறை வெயிலில் வெடித்திருக்கும். அதன் பக்கத்தில் அலுமினிய ஏணியும் ஈரக் குழாயும் போகவே கூடாது. அந்தப் பக்கம்தான் வேலை என்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிக் கம்பத்திலேயே துண்டித்த பிறகு தொடங்குங்கள். யாராவது விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள், கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

சமையலறைத் தளம் சுலபம். காய்ந்த நிலையில் கூட்டி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைந்த இலையை அள்ளிவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைப் போடுங்கள். தண்ணீரில்தான் பொடியைப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் எடுங்கள். வெயில் ஏறுமுன் ஊற்றி, கால்மணி, இருபது நிமிடம் விட்டு, ஈர்க்குமாறால் தேய்த்துக் கழுவலாம். படிக்கட்டுப் பக்கம் தொடங்கி விளிம்பை நோக்கிப் போங்கள். நிற்கும் இடம் எப்போதும் தேய்த்து முடித்த இடமாக இருக்கும், விளிம்பும் கண் முன்னால் இருக்கும். பின்னால் நடந்துகொண்டே தேய்ப்பவர்தான் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த இடத்தில் விழுகிறார். தகரமும் கம்பியும் உள்ள இடத்தில் பிளீச்சிங் தண்ணீர் தேங்காமல் நன்றாகக் கழுவிவிடுங்கள், துருப்பிடிக்க வைக்கும்.

தளத்தில் ஒரே இடத்தில் மட்டும் பாசி திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய், காயாமல் நிற்கும் தண்ணீரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வையுங்கள். கொத்தனாரிடம் அந்த வட்டத்தைக் காட்டி வாட்டம் சரிசெய்யச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பிறகு சுண்ணாம்பு அடிப்பது நல்ல பழக்கம்தான், அதன் காரத்தில் பாசி எளிதில் பிடிக்காது. ஆனால் பாசிக்கு மேலேயே அடித்தால் ஒரு மழையில் உரிந்து வந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பைப் பொறுத்தவரை, தொடாதீர்கள். அதன் மேல் யாரும் ஏறக் கூடாது. பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்ததும் எச்சரிக்கை இல்லாமல் உடைந்து ஆளைக் கீழே விடும். தேய்ப்பதும் சுரண்டுவதும் பீய்ச்சி அடிப்பதும் அதிலுள்ள நாரைக் கிளப்பிவிடும். மூச்சோடு உள்ளே போகிற அந்த நார் பல வருடம் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் தரக்கூடியது, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் அது தடுக்காது. பாசி உறுத்தினால் கீழே நின்று முன்பு சொன்ன பென்சால்கோனியம் தெளிப்பதோடு நிறுத்துங்கள், அதுவும் மாட்டை வெளியே கட்டிவிட்டு, தொட்டியை மூடிவிட்டு. ஷீட் விரிந்துவிட்டது என்றால் சுத்தம் செய்வதில் பணம் போடாமல் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்க வேண்டும்.

பாசி மறுபடி வராமல் இருக்க மருந்தைவிட அரிவாள்தான் உதவும். கூரைக்கு மேல் நீட்டிய பலாக் கொம்பையும் மாங்கொம்பையும் கழித்துவிட்டு வெயிலையும் காற்றையும் உள்ளே விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், சருகைத் தள்ளிவிடுங்கள், நீளக் கம்பில் கட்டிய துடைப்பமே போதும். ரப்பருக்கு அடிக்கிற போர்டோ கலவையை (செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது) கூரைக்கும் அடிக்கலாமா என்று இந்தப் பக்கம் கேட்பார்கள். செம்பு பாசியைக் கட்டுப்படுத்துவது உண்மைதான், செம்புக் கம்பி ஓடும் கூரையில் அதற்குக் கீழே மட்டும் பட்டையாகப் பாசி இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் மயில்துத்தம் இரண்டு சரிவும் சேருகிற இடத்துத் தகரத்தை அரித்துவிடும், ஓட்டில் நீலக் கறை விடும், குளத்து மீனையும் விடாது. தோட்டத்தோடு நிற்கட்டும்.

ஓட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது உங்கள் இஷ்டம், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அடிப்பதாக இருந்தால் இறக்கிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய்ந்த ஓட்டில், மேல்பக்கம் மட்டும் அடியுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், கூடுதல் கூலியும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஓடு குடித்த தண்ணீர் வெளியேற அந்தப் பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.